பழைய ஜப்பான் கார் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு: தகடு முதலில், இன்ஜின் பிறகு

1970-இல் அமெரிக்காவில் டட்சன் 240இசட் காரின் விலை 3,526 டாலர். அதே மாடலில் 1971-ஆம் ஆண்டு வண்டி ஒன்று 2020 ஜனவரியில் இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. டொயோட்டா 2000ஜிடி இன்னும் மேலே. 2013-இல் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. 2022-இல் பந்தய வரலாறு கொண்ட ஒரு 2000ஜிடி 25 லட்சம் டாலரையும் கடந்தது. இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் பலர் பழைய ஜப்பான் கார் தேட ஆரம்பிக்கிறார்கள்.

ஆனால் 3,10,000 டாலருக்கு விற்ற வண்டி குறைவாக ஓடியது, கம்பெனியில் இருந்து வந்த நிலையிலேயே இருந்தது, துரு தொடாதது. அதே வருடத்து இன்னொரு 240இசட், அதே நிறத்தில், புது பெயிண்ட் மினுமினுப்போடு நின்றாலும் அந்த விலையை எட்டிப் பார்க்க முடியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத தகட்டில் இருக்கிறது. இன்ஜினைப் பிரித்து மாட்ட எந்த ஊரிலும் ஒரு கை தேர்ந்த மெக்கானிக் கிடைப்பார். உள்ளே உளுத்துப்போன பாடியைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு நல்ல வண்டியே வாங்கிவிடலாம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

விலை ஏன் ஏறியது?

சுருக்கமாக மூன்று காரணங்கள். முதலாவது அமெரிக்கச் சட்டம். அங்கே தயாரித்து 25 ஆண்டு ஆன வெளிநாட்டு வண்டிக்கு அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளில் இருந்து விலக்கு உண்டு. 1989 ஆகஸ்டில் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், அதாவது ஆர்32, 2014-இல் அந்தக் கோட்டைத் தாண்டியது. 1999-இல் வந்த ஆர்34 ஜிடி-ஆர் அதைத் தாண்டியது 2024-இல். ஒவ்வொரு மாடலும் 25-ஐ நெருங்கும்போது ஜப்பான் ஏலங்களில் விலை முன்கூட்டியே ஏறிவிடும். ஆகவே 'அடுத்த வருடம் வாங்கலாம்' என்ற கணக்கு இந்தச் சந்தையில் பெரும்பாலும் பலிப்பதில்லை.

இரண்டாவது, ஜப்பானிலேயே பழைய வண்டி தங்கவில்லை. 'ஷாக்கென்' என்ற கட்டாயச் சோதனை புது காருக்கு முதல் மூன்று ஆண்டு கழித்தும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் வரும். பெட்ரோல் கார் 13 ஆண்டைத் தாண்டினால் ஆண்டு வரியும் சுமார் 15 சதவீதம் கூடும். எனவே ஆயிரக்கணக்கான நல்ல வண்டிகள் காயலான் கடைக்குப் போயின. மிஞ்சியதற்குத்தான் இன்று 'க்யூஷா', அதாவது பழைய வண்டி, என்று மரியாதை.

மூன்றாவது, கம்பெனிகளே பழைய உதிரிபாகங்களை மறுபடி செய்து விற்கத் தொடங்கின. நிஸான் 2017 கடைசியில் ஆர்32 ஜிடி-ஆருக்கு ஆரம்பித்தது. டொயோட்டா 2000ஜிடி, சுப்ரா, ஏஇ86 ஆகியவற்றுக்குச் செய்கிறது. மாஸ்டா முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்குச் செய்கிறது. பார்ட்ஸ் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்தால் விலையும் கூடவே ஏறும்.

முதல் வண்டியாக எதை எடுப்பது?

மனதில் ஆர்32 இருக்கும். இருக்கட்டும். ஆனால் முதல் வண்டிக்கு நாங்கள் சொல்வது மாஸ்டா ரோட்ஸ்டர், என்ஏ என்று அழைக்கப்படும் 1989-இல் வந்த தலைமுறை. 1.6 லிட்டர் இன்ஜின், பின்சக்கர ஓட்டம், டர்போ இல்லை, சிக்கலான மின்னணுவியலும் இல்லை. டைமிங் பெல்ட் அறுந்தாலும் இந்த 1.6-இல் வால்வு போய் பிஸ்டனில் மோதாது. தப்பு செய்து கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய ஆறுதல்.

அதிலும் கவனிக்க இரண்டு உண்டு. 1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டின் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் முன்முனை, குட்டை. முன் புல்லியின் போல்ட் தளர்ந்தால் சாவிப் பள்ளம் தேய்ந்து, புல்லி ஆட ஆரம்பிக்கும். அடையாளம் எளிது: முன் புல்லியில் 4 பிளவு இருந்தால் குட்டை மூக்கு, 8 இருந்தால் நீள மூக்கு. இன்ஜின் ஓடும்போது புல்லியைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள், தள்ளாடினால் விட்டுவிடுங்கள். இரண்டாவது, மடக்கும் கூரையில் விழும் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் உள்ள இரண்டு வடிகால் வழியாக வெளியேற வேண்டும். அதில் குப்பை அடைத்தால் தண்ணீர் சில்லுக்குள், அதாவது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டுக்குள், தேங்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் துரு கிளம்புவது அதனால்தான்.

70-களின் வண்டிகள் (240இசட், செலிகா, கொரோலா கேஇ20) கார்ப்பரேட்டர் வேலை பழக ஆசைப்படுகிறவர்களுக்கு. இயந்திரம் எளிது, துரு கொடியது. 80-களில் டொயோட்டா ஏஇ86 தனி ராஜ்யம். 1983 முதல் 1987 வரை வந்த சாதாரணக் குடும்பக் கொரோலாவின் கூப்பே அது. கெய்ச்சி ட்சுசியா போன்ற பந்தய வீரர்கள் மலைப்பாதையில் டிரிஃப்ட், அதாவது வளைவில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, ஓட்டிப் புகழ் சேர்த்தார்கள். இன்று அதன் விலையில் பாதிக்கு மேல் அந்தப் புகழுக்குத்தான் என்பது எங்கள் கருத்து. கையில் காசு குறைவாக இருந்தால் ஹோண்டா பீட், சுசுகி கப்புச்சினோ மாதிரி 660 சிசிக்குள் அடங்கும் 'கெய்' கார்களைப் பாருங்கள். 64 குதிரைத்திறன்தான். ஆனால் ஓட்டும்போது சிரிப்பு வரும்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி போன்ற ரோட்டரி வண்டியை, அதாவது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் இன்ஜின் கொண்டதை, முதல் வண்டியாக எடுக்காதீர்கள். வாதமே வேண்டாம்.

ஊர்ச் சட்டம் முதலில்

வண்டியைத் தேடுவதற்கு முன் அது உங்கள் சாலையில் ஏற முடியுமா என்று பாருங்கள். கனடாவில் 15 ஆண்டு கடந்தால் இறக்கலாம். ஆனால் வலதுபக்க ஸ்டியரிங் வண்டிக்குக் காப்பீடு தர மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆகவே ஏலத்துக்குப் போகும் முன்பே காப்பீட்டு ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிரிட்டனில் 10 ஆண்டு கடந்த வண்டிக்குத் தனி வாகன ஒப்புதல் தேவையில்லை. ஸ்டியரிங்கும் அவர்கள் பக்கமே. ஆஸ்திரேலியாவில் 25 ஆண்டு விதி. அங்கே கல்நார் கலந்த பொருளுக்கு முழுத் தடை இருப்பதால், பழைய பிரேக் பேடு, கிளட்ச் பிளேட், கேஸ்கெட் ஆகியவற்றில் கல்நார் இல்லை என்று உறுதிசெய்து அனுப்பாவிட்டால் வண்டி துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும்.

இந்தியாவில் பயன்படுத்திய காரை இறக்கக் கட்டுப்பாடு கடுமை. மூன்று ஆண்டுக்கு மேல் பழையதானால் சாதாரண வழியில் வராது. அதனால் 1990-களின் ஸ்கைலைன் கனவை இங்கே மூடி வைக்கலாம். 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 2021 முதல் தனிப் பதிவு உண்டு. எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்து வரும், ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு அனுமதியில்லை. நம்மூரில் கைக்கு எட்டும் பழைய ஜப்பான் கார் என்றால், 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதி 800-தான். அது சுசுகி எஸ்எஸ்80. அதையும் கீழே சொல்லும் அதே முறையில் சோதிக்கலாம். இலங்கையில் டட்சன் 1200-உம் பழைய கொரோலாக்களும் உள்ளூரிலேயே கிடைப்பதால், ஏலத் தாள் பகுதியைத் தாண்டி நேராகத் துருப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

தகட்டு எண்ணைப் படிப்பது

அந்தக் கால ஜப்பான் உள்நாட்டு வண்டிகளுக்கு 17 இலக்கச் சேசிஸ் எண் (வண்டியின் அடையாள எண்) கிடையாது. 'பிஎன்ஆர்32-' (BNR32-) என்று மாடல் குறியீடு, பின் ஒரு கோடு, பின் வரிசை எண். இன்ஜின் அறையின் பின்சுவரில் இது தகட்டிலேயே அடித்திருக்கும். அருகில் ரிவிட் அடித்த தனித் தகட்டில் நிறம், இன்ஜின், கியர்பாக்ஸ் குறியீடுகள் இருக்கும். ஏமாற்று பெரும்பாலும் இங்கேதான் பிடிபடும்.

ஸ்கைலைன் ஆர்32-இல் உண்மையான ஜிடி-ஆர் என்றால் பிஎன்ஆர்32. எச்சிஆர்32 என்று இருந்தால் அது பின்சக்கர ஓட்டமுள்ள ஜிடிஎஸ்-டி. எச்என்ஆர்32 என்றால் நான்கு சக்கர ஓட்டம் இருந்தாலும் 2 லிட்டர் இன்ஜின் கொண்ட ஜிடிஎஸ்-4. ஜிடி-ஆரின் பம்பரும் பேட்ஜும் யார் வேண்டுமானாலும் மாட்டலாம்.

டட்சன் இசட்டில் எஸ்30 என்றால் ஜப்பான் உள்நாட்டு 2 லிட்டர். எச்எஸ்30 என்றால் வலதுபக்க ஸ்டியரிங் 240இசட். எச்எல்எஸ்30 என்றால் இடதுபக்க ஸ்டியரிங். பிஎஸ்30 (PS30) என்றால் கையில் பொக்கிஷம். அது பந்தயக் குலத்து எஸ்20 இன்ஜின் கொண்ட இசட்432. 1968 முதல் 1972 வரை வந்த 'ஹகோசுகா' ஸ்கைலைனிலும் இதே 'பி' (P) எழுத்துதான் மகாராஜா. கேஜிசி10 சாதாரணக் கூப்பே, கேபிஜிசி10 ஜிடி-ஆர். அந்த ஓர் எழுத்துக்காகவே விலை பல மடங்கு. சாதாரண வண்டியை ஜிடி-ஆர் போல் அலங்கரித்து ஓட்டுவது தப்பில்லை, நிறையப் பேர் செய்கிறார்கள். அதை ஜிடி-ஆர் விலைக்கு விற்பதுதான் தப்பு.

ஏஇ86-க்கு இதே கதை அதன் சாதாரண உடன்பிறப்பான ஏஇ85 வழியாக வரும். வெளித்தோற்றம் ஒன்றே. ஏஇ85-இன் உள்ளே 1.5 லிட்டர் ஒற்றைக் கேம் இன்ஜின், பின்னால் டிரம் பிரேக், சின்ன டிஃபரன்ஷியல். இன்ஜினை மட்டும் ஏஇ86-இன் 4ஏ-ஜிஇ-க்கு மாற்றியிருப்பார்கள். எனவே பின்சக்கரத்தைப் பாருங்கள். பிறகு தகட்டைப் பாருங்கள்.

அடித்த எண்ணைச் சுற்றி வெல்டிங் தழும்பு, அரைத்த கோடு, புதுக் கறுப்பு பெயிண்ட், புது ரிவிட் ஏதாவது தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

ஏலத் தாள்

ஜப்பானில் வண்டிகள் பெரும்பாலும் வியாபாரிகளுக்கான ஏலக் கூடங்கள் வழியாகக் கைமாறும். சிபா மாநிலம் நோடாவில் உள்ள யுஎஸ்எஸ் டோக்கியோ மிகப் பெரிய கூடங்களில் ஒன்று. நீங்கள் நேரில் ஏலம் கேட்க முடியாது, ஏற்றுமதி முகவர் வழியாகத்தான் கேட்கலாம். உங்களுக்குக் கிடைப்பது ஒரு பக்கத் தாளும் சில படங்களும். முகவர் அனுப்பும் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாதீர்கள். அசல் தாளின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வலது மேல் மூலையில் மொத்த மதிப்பெண் இருக்கும். புதிதைப் போன்றதற்கு எஸ், 6. அப்புறம் 5, 4.5, 4, 3.5, 3, 2 என்று இறங்கும். முப்பது வருட வண்டிக்கு 3.5 நல்ல மதிப்பெண். 4 வந்தால் சந்தேகத்தோடு சந்தோஷப்படுங்கள். 1 என்பது பெரும்பாலும் பெரிய மாற்றங்கள் செய்த வண்டி. குப்பை என்று பொருள் கொள்ள வேண்டாம், ஏன் என்று கேளுங்கள். ஆர் அல்லது ஆர்ஏ என்றால் 'ஷூஃபுகு-ரெக்கி', அதாவது எலும்புக்கூட்டில் அடிபட்டுச் சரிசெய்த வரலாறு.

இந்த வார்த்தையைப் புரிந்துகொள்வது முக்கியம். மட்கார்டு, பானெட், கதவு மாதிரி போல்ட் போட்டு மாட்டும் பாகத்தை மாற்றினால் அது இதில் சேராது. ஃபிரேம், தூண், கூரை, தரை, டிக்கித் தரை போன்ற வெல்டு செய்த பாகங்களில் கை வைத்தால்தான் ஆர். முன்னால் லேசாக இடித்து ரேடியேட்டர் தாங்கியை ஒழுங்காக மாற்றிய ஓர் ஆர் வண்டி, அடியில் துரு நிறைந்த 4-ஐவிட எவ்வளவோ மேல். புதியவர்கள் ஆர் என்றதும் ஓடிவிடுவதால், விலையும் இறங்கிக் கிடைக்கும்.

தாளின் கீழே வண்டியின் விரித்த வரைபடமும் அதன் மேல் குறிகளும் இருக்கும். ஏ கீறல், யு சொட்டை, டபிள்யூ டிங்கரிங் செய்த அலை, எஸ் துரு, சி அரிப்பு, பி (P) பெயிண்ட் குறை, எக்ஸ் மாற்ற வேண்டிய பாகம், எக்ஸ்எக்ஸ் ஏற்கெனவே மாற்றியது. பக்கத்து எண் 1 முதல் 3 வரை, கூடினால் மோசம்.

ஒரு மாதிரித் தாளை எடுத்துக்கொள்வோம். 'ஷோவா 60, ஏஇ86, மதிப்பெண் 3.5, உள்பகுதி மதிப்பெண் சி. பின் இடது மட்கார்டில் டபிள்யூ2, எஸ்2. இடது சில்லில் சி1. பானெட்டில் பி1. குறிப்பு: ஷிதாமவாரி சாபி.' ஷோவா என்பது ஜப்பான் பேரரசர் காலக் கணக்கு, அந்த ஆண்டோடு 1925 கூட்டினால் 1985. அடுத்து வந்த ஹெய்செய் காலம் என்றால் 1988 கூட்ட வேண்டும். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்தால் வண்டி பரவாயில்லை. ஆனால் குறிகள் எல்லாம் ஒரே மூலையில் கூடியிருக்கின்றன. பின் இடது மட்கார்டில் ஏற்கெனவே பட்டி பார்த்திருக்கிறார்கள், அதே இடத்தில் மறுபடி துரு வந்திருக்கிறது, பக்கத்தில் சில் அரிக்க ஆரம்பித்துவிட்டது. அதாவது முதல் தடவை துருவை வெட்டி எடுக்காமல் மேலே பூசி மூடிவிட்டார்கள். 'ஷிதாமவாரி சாபி' என்றால் அடிப்பகுதியில் துரு. 'சாபி' என்று இருந்தால் இன்னும் படம் கேட்கலாம். 'ஃபுஷோகு', அதாவது அரிப்பு, என்று இருந்தால் அந்த வண்டியை வேறு யாராவது வாங்கட்டும். பானெட்டின் பி1-ஐப் பற்றிக் கவலையே வேண்டாம்.

ஓடோமீட்டர் பக்கத்தில் நட்சத்திரமோ டாலர் குறியோ இருந்தால் எண்ணை நம்பக் கூடாது என்று அர்த்தம். குறியின் பொருள் கூடத்துக்குக் கூடம் மாறும், முகவரிடம் கேளுங்கள். பல பழைய வண்டிகளில் ஐந்து இலக்க மீட்டர்தான். 99,999-க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 43,000 என்பது 1,43,000 ஆகவும் இருக்கலாம். கையுறைப் பெட்டியில் 'கிரோகுபோ' என்ற பராமரிப்புப் புத்தகம் இருந்தால் அதில் தேதியோடு கிலோமீட்டர் எழுதியிருக்கும். அந்தப் புத்தகம் உள்ள வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

இன்னொரு சின்ன ரகசியம் எண் பலகை. படத்தில் அது மறைக்கப்படாமல் இருந்தால் ஊர்ப் பெயரைப் பாருங்கள். சப்போரோ, ஆவோமோரி, நீகாட்டா போன்ற பனிப் பிரதேசங்களில் சாலையில் உப்பு தூவுவார்கள், அடிப்பகுதி அரித்திருக்க வாய்ப்பு அதிகம். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள வகை எண் இரண்டு இலக்கமாக இருந்தால், 1990-களின் முடிவில் மூன்று இலக்கம் வருவதற்கு முன்பிருந்தே அதே பகுதிப் பதிவில் இருக்கிறது என்று பொருள். ஒரே கையில் நீண்ட காலம் இருந்ததற்கு நல்ல அடையாளம்.

துரு: தரையில் படுத்துப் பார்ப்பது

நேரில் பார்க்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: பலமான டார்ச், மெல்லிய காந்தம், ஒரு கைக்குட்டை, மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், விரிக்க ஒரு பழைய சாக்கு. பெயிண்ட் கனம் அளக்கும் கருவி கிடைத்தால் நல்லது. போனில் மாட்டும் நீள வயர் கேமராவும் வாங்கிக்கொள்ளுங்கள். மழை பெய்த அன்றோ, கழுவிய ஈரத்தோடோ வண்டியைப் பார்க்காதீர்கள். ஈரத்தில் எல்லா பெயிண்டும் அழகுதான்.

காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, மட்கார்டின் மேலிருந்து வளைவு விளிம்பு நோக்கி மெதுவாக இழுங்கள். நல்ல தகட்டில் காந்தம் ஒரே சீராகப் பிடித்துக்கொண்டே வரும். பட்டி இருக்கும் இடத்தில் பிடி சட்டென்று தளரும், சில சமயம் கீழே விழுந்தேவிடும். அதே இடத்தை விரல் முட்டியால் தட்டுங்கள். தகடு 'டங்' என்று ஒலிக்கும், பட்டி 'தப்' என்று செத்த சத்தம் தரும். கருவி இருந்தால் அளவு தெரியும்: கம்பெனி பெயிண்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான். 250 வந்தால் மறு பெயிண்ட். 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி. மறு பெயிண்ட் குற்றமல்ல, ஐம்பது வருட வண்டிக்கு அது இயல்பு. மட்கார்டின் கீழ் விளிம்பில் மட்டும் திடீரென 900 காட்டினால்தான் கவலை.

துரு ஏன் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வருகிறது? அக்காலத் தகடு மெல்லியது, துத்தநாகப் பூச்சு குறைவு. இரண்டு தகட்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்த மடிப்புக்குள் தண்ணீர் ஏறிக்கொள்ளும். மூடிய பெட்டி வடிவப் பகுதிகளில் வடிகால் ஓட்டை இருக்கும். யாரோ அடியில் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்து அதையும் அடைத்திருப்பார்கள். தண்ணீர் உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே கையளவு போயிருக்கும்.

240இசட்டில் பேட்டரி தட்டில் ஆரம்பியுங்கள். அமிலம் வழிந்து தட்டை மட்டுமல்ல, அதற்குக் கீழே ஓடும் முன் ஃபிரேமையும் தின்றிருக்கும். பிறகு வைப்பருக்குக் கீழே உள்ள காற்றுப் பெட்டி. அங்கே இலை சேர்ந்து தண்ணீர் கால் வைக்கும் பக்கத் தகடுகளுக்குள் இறங்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள வளைவு, தரைக்கு அடியில் ஓடும் நீளப் பட்டைகள், ஸ்டெப்னிக் குழி, பின்கதவின் கீழ் உதடு ஆகியவை அடுத்து. இருக்கைக்குக் கீழே கம்பளத்தைத் தூக்கிக் காட்ட விற்பவர் தயங்கினால், அங்கே ஏதோ இருக்கிறது.

ஆர்32-இல் பின்சக்கர வளைவு, சில்லில் ஜாக்கி வைக்கும் இடங்கள், டிக்கித் தரையின் மூலைகள், முன்கண்ணாடியின் கீழ் மூலைகள். ஜாக்கி இடம் நசுங்கியிருந்தால் தண்ணீர் புகுந்து அங்கிருந்துதான் தொடங்கும். ஏஇ86-இல் சில், பின் வளைவு, பின்கதவு ரப்பரைச் சுற்றிய பகுதி.

ஓட்டை விழுந்த தகட்டின் மேல் இன்னொரு தகட்டை வைத்து வெல்டு செய்வது வேலையல்ல, மூடாக்கு. சரியான முறை: துரு உள்ள தகட்டை நல்ல உலோகம் தெரியும் வரை வெட்டி எடுத்து, அதே அளவு புதுத் தகட்டை விளிம்போடு விளிம்பு வைத்து வெல்டு செய்து, பெட்டிக்குள் மெழுகுப் பூச்சைத் தெளிப்பது. பழுதுபார்த்த வண்டி என்றால் வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். ஒழுங்காகச் செய்தவர் படம் எடுக்காமல் இருக்க மாட்டார்.

இன்ஜின்

வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜினை நீங்கள் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஒரு நொடி நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல், செலவு சமாளிக்கலாம். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ. சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நின்றால் ஹெட் கேஸ்கெட்.

கம்ப்ரெஷன் சோதனையை வற்புறுத்துங்கள். இன்ஜின் சூட்டில், எல்லா ஸ்பார்க் பிளக்கும் கழற்றி, இக்னிஷனும் பெட்ரோலும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று கிராங்க் செய்ய வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் முக்கியம், 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஒன்று குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. ரோட்டரிக்கு இந்தச் சாதாரண கேஜ் உதவாது. ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகத்தையும் தனித்தனியே காட்டும் கருவி வேண்டும்.

ஆர்32-இன் ஆர்பி26 இன்ஜினில் பெயர் பெற்ற பலவீனங்கள் உண்டு. முற்பகுதி வண்டிகளில் ஆயில் பம்ப்பை ஓட்டும் கிராங்க் காலர் குறுகியது, அதிக ஆர்பிஎம்மில் பம்ப் கியர் உடையும். டர்போவின் உள்சக்கரம் செராமிக். பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, சுமார் 1 பாருக்கு மேல் ஏற்றினால் சிதறும். ஆயில் பிரஷர் மீட்டர் பயமுறுத்தினால் முதலில் சென்சாரைச் சந்தேகியுங்கள். அது அடிக்கடி பொய் சொல்லும். தனி கேஜ் மாட்டி அளந்த பிறகு முடிவெடுங்கள்.

கப்பல்

சக்கரத்தில் ஓட்டி ஏற்றும் ரோ-ரோ கப்பல் மலிவு. ஆனால் வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும், உள்ளே உதிரிபாகம் வைக்கக் கூடாது. வைத்தால் காணாமல் போகலாம். மதிப்புள்ள வண்டிக்கு 20 அடி கன்டெய்னரே நல்லது. முகவரிடம் விலை கேட்கும்போது ஏலத் தொகை, ஏலக் கட்டணம், முகவர் கமிஷன், துறைமுகம் வரை லாரி, கப்பல், காப்பீடு எல்லாவற்றையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். ஏற்றுமதிக்கான பதிவுநீக்கச் சான்றிதழ் அசலாக உங்களுக்கு வர வேண்டும். அது இல்லாமல் எந்த ஊரிலும் பதிவு நடக்காது. சான்றிதழில் உள்ள சேசிஸ் எண்ணைத் தகட்டோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள்.

வந்த முதல் மாதம்

வண்டி இறங்கியதும் ஓட்டாதீர்கள். பல மாதம் நின்ற இன்ஜின் என்றால் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். பிறகு இக்னிஷன் இல்லாமல் ஸ்டார்ட்டரில் சுற்றி, ஆயில் பிரஷர் ஏறியதும் பிளக் மாட்டுங்கள்.

பிரேக் முதல் வேலை. எல்லா ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், கேலிப்பர் விடாமல் பிடித்துக்கொள்ளும். புது பிரேக் ஆயில் ஊற்றுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2311 என்றால் 2011-இன் 23-வது வாரம். பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும் அதைக் கழற்றிவிடுங்கள்.

பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது கட்டாயம். இந்தியாவில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான். பழைய ரப்பர் அதில் இளகி, வெடித்து, சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டும். தீ விபத்துக்கு இதைவிட நேர்வழி கிடையாது. டேங்கைக் கழற்றித் துருவைக் கழுவாமல் புது ஃபில்டர் மாட்டினால் இரண்டே நாளில் அடைக்கும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்து மாற்றுங்கள், கூடவே வாட்டர் பம்ப்பையும். கூலன்ட் ஹோஸ், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி மூன்றும் சேர்த்து மாற்ற ஆகும் செலவு ஒரு ஹெட் கேஸ்கெட் வேலையின் முன்னால் ஒன்றுமில்லை. முதல் எண்ணெய் மாற்று 500 கிலோமீட்டரில். வடித்த எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பாருங்கள், செம்பு நிற மினுக்கு தெரிந்தால் பேரிங்.

240இசட்டின் எஸ்யு வகைக் கார்ப்பரேட்டரில் ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் வண்டி திணறினால், ஜெட்டைத் தொடும் முன் மேல்மூடியைத் திருகித் திறங்கள். உள்ளே டேம்பர் எண்ணெய் தீர்ந்திருக்கும். எஸ்ஏஈ 20 எண்ணெய் கொஞ்சம் விட்டால் பாதி நோய் தீரும்.

மதிப்பு குறையாமல் வைத்திருப்பது

கழற்றும் எதையும் எறியாதீர்கள். ஒரிஜினல் எக்ஸாஸ்ட், ஸ்டியரிங், சக்கரம், ரேடியோ, ஏர் ஃபில்டர் பெட்டி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணு மூளைப் பெட்டி எல்லாவற்றையும் துடைத்து, துணியில் சுற்றி, பெயர் எழுதி வையுங்கள். விற்கும் நாளில் அந்தப் பெட்டி தனி விலை பெறும். மாற்றம் செய்ய ஆசையாக இருந்தால் அந்தந்தக் காலத்து ஜப்பான் பாகங்களையே தேடுங்கள். எட்டு ஆரம் கொண்ட வாட்டனபே சக்கரமும், மிக்குனி சோலெக்ஸ் கார்ப்பரேட்டரும் மதிப்பைக் கூட்டும். மட்கார்டை வெட்டி அகலமாக்கினால் மதிப்பு சரியும், ஏனென்றால் அதைத் திருப்ப முடியாது. போல்ட்டில் கழலும் மாற்றம் எதுவும் பரவாயில்லை.

டேஷ்போர்டு வெயிலில் வெடிக்காமல் இருக்கக் கண்ணாடிக்கு மறைப்பு போடுங்கள். ஜன்னல் ரப்பர், பின்விளக்கு, கிளிப் போன்ற சில்லறைகள்தான் முதலில் தீர்ந்துபோகும். இன்ஜின் கிடைக்கும், கதவு ரப்பர் கிடைக்காது. கடையில் கண்ட அன்றே இரண்டு செட் வாங்கி வைப்பவர் கெட்டிக்காரர்.

பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள். கடற்கரை ஊரில் அது ஈரத்தை உள்ளேயே பிடித்து பெயிண்டைக் கொப்புளிக்க வைக்கும். காற்று புகும் துணி உறை போதும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை வண்டிக்கு அடியில் படுத்து, சில்லின் வடிகால் ஓட்டைகளை ஒவ்வொன்றாக மெல்லிய கம்பியால் குத்தித் திறங்கள். பிறகு வைப்பருக்குக் கீழே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றியது சில நொடியில் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் வடிய வேண்டும். வடியாவிட்டால் அது உள்ளே எங்கோ நிற்கிறது, அன்றே மட்கார்டைக் கழற்றிப் பாருங்கள்.